பாஞ்சாலை சொன்னதும் நான் சொன்னதும்

1

எங்கள் ஊர் என்று நான் இப்போதெல்லாம் எழுதுவது தெற்கு ஜெர்மனியில் மலைச்சரிவில் இருக்கும் ஒரு சிறிய ஊரை. காஞ்சிபுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவந்தால் காஞ்சிபுரம் என்று பெயர் சொல்லித்தான் எழுதுகிறேன். எந்த வருஷம் இது இப்படி மாறியது என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

காலை ஐந்தே முக்காலுக்குப் பேருந்து. முதியோர் இல்லத்தில் ஒரு மாடி முழுக்க இருப்பவர்களுக்கு ரொட்டியும் காப்பியும் கொடுத்து, மாத்திரைகளை எடுத்து வைத்து, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது இரண்டரை மணி ஆகிவிடும். பனிக்காலத்தில் கால் வீங்கிக்கொள்கிறது. பூட்ஸைக் கழற்றிவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் வாசற்படிப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சென்ற நவம்பரில் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் சமையலறையிலிருந்து என் குரல் கேட்டது. இளைய குரல். ஜெர்மன் பேசியது, தப்பும் தவறுமாக.

என் மகள் நந்தினி மேஜைமேல் பழைய டேப் ரெக்கார்டரையும் கணினியையும் ஒயரால் இணைத்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊருக்கும் காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துக்கும் நட்புறவு ஏற்பட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அதற்கு ஒரு விழா, ஒரு கண்காட்சி. அந்தக் காலத்துக் கேசட்டுகளைக் குறுந்தகட்டுக்கு மாற்றும் வேலையை நட்புறவுச் சங்கத்தார் இவளிடம் கொடுத்திருந்தார்கள்.

நந்தினிக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பு முடிந்து, ஒரு வருஷத் தன்னார்வத் தொண்டுக்காகப் பொலிவியா போகக் காத்திருந்தாள். இந்தியாவுக்குப் போகலாமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அங்கே போனால் நான் உன் மகள். வேறு எங்கேயாவது போனால்தான் நான் நான்" என்றாள் ஜெர்மனில். அவள் வீட்டில் தமிழ் பேசுவதை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். புரிகிறதா இல்லையா என்றுகூட நான் சோதித்துப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவள் டேப்பை நிறுத்தினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில் பேசினாள்.

"அம்மா, இந்த மாமி வேண்டாம்னுதானே சொல்றா?"

"எந்த மாமி?"

"இதோ பேசறாளே. நாலு தடவை வேண்டாம்னு சொல்றா. எண்ணினேன். நீ ரெண்டே வாக்கியம் சொல்றே. அதுல வேண்டாம் இல்லவே இல்லை."

நான் கேட்ட பதில் கேள்வியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "காப்பி போடட்டுமா?" என்று கேட்டேன்.

2

வெளிநாட்டுக்காரர்கள் வந்து கட்டிக்கொடுத்த ஏதாவது ஒன்று உங்கள் பக்கத்திலும் இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி ஒன்று எப்படி உண்டாகிறது என்பதை இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நான் சின்ன காஞ்சிபுரம். வரதராஜர் கோயில் மதிலை ஒட்டிய தெரு. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். கல்யாணமாகி இங்கே வந்தேன். முதல் சில வருஷங்கள் மொழி தெரியாமல் ஊமையாக இருந்தேன். ஒரு வீட்டு விருந்தில் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து, தமிழில் சொல்வதைப் போலவே "நான் நிறைந்திருக்கிறேன்" என்று ஜெர்மனில் சொன்னேன். மேஜையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். நான் குடித்துவிட்டுப் போதையில் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தமாம். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து, எதிரில் இருப்பவர் முகம் கோணாத சொல்லாகப் பார்த்துப் பேசுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அந்த விருந்து நடந்த வீடு டீட்டருடையது. ஊர்த் தண்ணீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தொண்ணூறுகளின் நடுவில் இந்த ஊர் மாதாகோயிலிலும் நகரசபையிலும் பேசிக்கொண்டிருந்தபோது, "உங்கள் ஊரில் தண்ணீர் எப்படி?" என்று என்னைக் கேட்டார். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறைகளிலிருந்து கழிவுநீர் கால்வாயில் கலந்து ஊருக்கு வெளியே வயல்களில் போய் நிற்பதைச் சொன்னேன். அவர் கண் பளிச்சென்று ஆயிற்று. நாணல் வளர்த்து அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாம், மின்சாரம் வேண்டாம், மருந்து வேண்டாம் என்றார். சரளையும் மணலும் நிரப்பிய பெரிய குழி. அதில் நாணல். ஒரு பக்கம் சாயத்தண்ணீர் போனால் மறுபக்கம் தெளிந்த நீர் வரும். சங்கம் ஒன்று அமைத்து, நம் ஊர் இளைஞர்களே போய் கைவேலையாகக் கட்டிக்கொடுக்கலாம். வளங்குன்றா வளர்ச்சி என்ற சொற்றொடரை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான்.

இடம் பார்க்கப் போனோம். ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். நான் பிறந்து வளர்ந்த தெருவிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரம். கல்யாணம் வரைக்கும் ஒரு தடவைகூட நான் அங்கே போனதில்லை. ஜெர்மனிக்கு வந்து, டீட்டரோடு திரும்பிப் போனபோதுதான் போனேன். அவர் எல்லாவற்றையும் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவருக்கு அது தெரியாது.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். தலைவர், வாத்தியார், பட்டறைக்காரர்கள் எல்லாரும் வரவேற்றுப் பேசினார்கள். மாலை போட்டார்கள். டீட்டர் குறிப்புக்காகச் சின்ன டேப் ரெக்கார்டரை ஓடவிட்டிருந்தார். கடைசியில், "பெண்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பாஞ்சாலை என்று பெயர் சொன்னாள். குழி தோண்டப்போகும் இடத்துக்குக் கீழே அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கிறாள் என்று வாத்தியார் என் காதில் சொன்னார்.

அவள் பேசியதை நந்தினி அன்றைக்கு மறுபடி ஓட்டிக் காட்டினாள்.

"குழி தோண்டறது பெருசில்லமா. இவங்க வந்து தோண்டிட்டு பூடுவாங்க. அப்பறம் அதுல நிக்கிற கசட யாரு அள்றது? அத்த சொல்லச் சொல்லு மொதல்ல. அள்ற வேலன்னா எங்க தெருவத்தான் கூப்புடுவாங்க. உனுக்குத் தெரியாததா? அந்தச் சாயத்துல கைய வுட்டா தோலு உரிஞ்சிக்கினு பூடும். எங்க நெலத்தாண்ட வேணாம்மா. பட்டறக்காரன் தண்ணிய அவன் வாசல்லியே சுத்தம் பண்ணி வுடட்டும். இல்ல, சம்பளத்துக்கு ஆள் போட்டு எழுதிக் குடுங்க. ரெண்டும் இல்லன்னா வேணாம். நாங்க வேணாம்னு சொன்னதா அவருகிட்ட சொல்லு. வேணாம்."

டேப்பில் ஒரு இடைவெளி. அப்புறம் என் ஜெர்மன். "அவர்களுக்கு மிகவும் சந்தோஷம். பராமரிப்பைப் பற்றிச் சில யோசனைகள் இருக்கின்றன."

அதற்கு டீட்டர் "வுண்டர்பார்!" என்கிறார். பிரமாதம் என்று பொருள். கைதட்டல்.

அந்த இடைவெளியில் என் மனதில் என்ன ஓடியது என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கசடு என்பதற்கு ஜெர்மன் சொல் தெரியும். "எங்க தெரு" என்பதற்குத்தான் தெரியவில்லை. அதை டீட்டருக்கு விளக்கினால் என் தெருவையும் விளக்க வேண்டும். இத்தனை பக்கத்திலிருந்தும் நான் ஏன் இங்கே வந்ததே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஊரை ஒருவர் மதித்து வந்திருக்கிறார். அது நடக்காமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டு நாள் பயணக் களைப்பும் இருந்தது. ஆனால் களைப்பு காரணமில்லை.

3

மூன்று குளிர்காலங்கள் இங்கிருந்து இளைஞர்கள் போனார்கள். வெயிலில் சிவந்து, கை கொப்பளித்து, பாட்டுப் பாடிக்கொண்டு தோண்டினார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் வருஷம் மறுபக்கம் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. அந்தப் புகைப்படம் எங்கள் நகரசபைக் கட்டடத்தில் இன்னமும் மாட்டியிருக்கிறது.

ஒப்பந்தம் ஒன்று எழுதினோம். நான்தான் மொழிபெயர்த்தேன். நாணல் படுகையை யாரும் அழித்துவிடக் கூடாது என்பதற்காக, இரு தரப்பின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் அகற்றக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார்கள். நல்ல விதி என்றுதான் நானும் நினைத்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் கசடு அடைத்துக்கொண்டது. வாத்தியார் வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் எழுதுவார். தூர் வார ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினார். அப்புறம், காலனிப் பெண்கள் ஒரு தடவை அள்ளினார்கள், கையெல்லாம் புண்ணாகி அதற்குப் பிறகு வர மறுத்துவிட்டார்கள் என்று எழுதினார். அப்புறம், மழையில் படுகை நிரம்பி வழிந்து பாஞ்சாலையின் வயலில் புகுந்து பயிர் மஞ்சளாகிச் சாய்ந்துவிட்டது என்று எழுதினார். அடுத்த வருஷம் அந்தக் குத்தகையை அவள் விட்டுவிட்டாள் என்பது அதற்கடுத்த கடிதத்தில் இருந்தது.

ஒவ்வொன்றையும் நான் சங்கக் கூட்டத்தில் ஜெர்மனில் சொன்னேன். "சிறு தடங்கல்கள்" என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இங்கேயும் மெதுவாக உற்சாகம் வடிந்தது. போகிற இளைஞர்கள் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். படுகையைப் பற்றிப் பேச்சு குறைந்தது. டீட்டருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகி, அவர் பயணத்தை நிறுத்திக்கொண்டார்.

4

நந்தினி அதற்கப்புறம் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்த வார இறுதியில், பாஞ்சாலை பேசியதைக் கேட்டுக் கேட்டு ரோமன் எழுத்தில் தமிழை எழுதி வைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வராது. புரியாத சொற்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. பூடுவாங்க, கேள்விக்குறி. நெலத்தாண்ட, கேள்விக்குறி. வேணாம் என்பதற்குக் கேள்விக்குறி இல்லை.

வாத்தியாருக்குப் போன் செய்தேன். பாஞ்சாலையின் மகள் இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், செல்போன் வைத்திருக்கிறாள் என்று நம்பர் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். மகள் போனை அம்மாவிடம் கொடுத்தாள். நான் யாரென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாஞ்சாலை குறுக்கிட்டாள்.

"ஜெர்மன்காரங்களோட வந்தியே, சின்ன காஞ்சிபுரத்தம்மா. தெரியுது சொல்லு. நல்லா கீறியா?"

சொன்னேன். அவள் பேசியதை நான் அன்றைக்கு அப்படியே மாற்றிச் சொல்லிவிட்டதை, எழுதி வைத்துப் பழகிய வாக்கியங்களில் சொன்னேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"அது எனுக்கு அப்பவே தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"நான் அவ்ளோ நேரம் பேசனேன். நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட. உடனே அவரு கை தட்னாரு. வேணாம்னு சொன்னதுக்கு யாராவது கை தட்டுவாங்களா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே, பாஞ்சாலை."

"யார கேக்கறது? அவர கேக்கணும்னாலும் உன்ன வெச்சித்தானே கேக்கணும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவள் அதை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"அத்த வுடு. இப்பவாவது ஒன்னு பண்ணு. அந்தக் குழிய மூடணும். ஒரே கொசு. போன வருஷம் எங்க தெருவுல வூட்டுக்கு வூடு ஜொரம். மூடித் தாங்கன்னு ஆபீசுக்கு ஆபீசு நடந்துக்கினு இருக்கோம். ஃபாரின்காரங்க சொத்து, கைய வெக்க முடியாதுன்றாங்க. அவங்க ஒத்துக்கினு லெட்டர் குடுக்கணுமாம். சீல் வெச்சி."

நான் மொழிபெயர்த்த விதிதான் அது.

5

விழாவுக்கு மூன்று வாரம் முன்பு சங்கக் குழு கூடியது. சனிக்கிழமை மத்தியானம். காப்பி, ஆப்பிள் கேக். விழா மலரில் யார் என்ன எழுதுவது என்று பேசி முடித்ததும், நான் பேச வேண்டும் என்றேன். பத்து வருஷத்தில் நானாகக் கேட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

சொல்லி முடித்தபோது யாரும் கேக்கைத் தொடவில்லை. சங்கத் தலைவி நல்ல மாதிரி. எனக்குக் குடியுரிமை விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர். அவர்தான் முதலில் பேசினார். "நீங்கள் சொன்னது வருத்தமான விஷயம். ஆனால் பத்து வருஷம் கழித்து, விழாவுக்கு முன்னால் இதைச் சொல்வதால் யாருக்கு என்ன நன்மை?"

டீட்டர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கைத்தடியை முழங்கால்மேல் வைத்திருந்தார். "அந்தப் பெண்மணி சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள்" என்றார் என்னிடம். "சுருக்க வேண்டாம்."

நந்தினி எழுதிய காகிதத்தைப் பையிலிருந்து எடுத்தேன். ஒவ்வொரு வாக்கியமாக ஜெர்மனில் சொன்னேன். "எங்க தெரு" வந்ததும் நிறுத்தி, அது என்ன தெரு, என் தெரு என்ன தெரு என்று சொன்னேன். என் ஜெர்மன் அந்த இடத்தில் தடுமாறியது. இலக்கணம் தப்பாகத்தான் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

டீட்டர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷம் இந்த ஊரின் கழிவுநீரைப் பார்த்துக்கொண்டேன். எந்தத் திட்டம் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, கசடை யார் அள்ளுவது என்பதுதான். அங்கே நான் அதைக் கேட்கவில்லை. அந்த அம்மா கேட்டிருக்கிறார்." என்னைப் பார்த்தார். "நீங்கள் அதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்."

"ஆமாம்" என்றேன்.

"நான் அங்கே பதில் சொல்லக் கடன்பட்டவனைப் போல நடந்துகொள்ளவில்லை. வரம் கொடுக்க வந்தவனைப் போல இருந்தேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்ல முடியவில்லையோ என்னவோ. ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்."

அன்றைக்கு அவர் என்னோடு கை குலுக்காமல் கிளம்பினார். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனாலும் பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடப்பது கஷ்டமாக இருந்தது.

6

விழா நடந்தது. நகரசபைத் தலைவர் பேசினார். கண்காட்சியில் அந்தத் தெளிந்த தண்ணீர்ப் படம் இல்லை. டீட்டர் எடுக்கச் சொல்லிவிட்டாராம். காரணத்தை வந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மலரிலும் இல்லை. நான் பேச வேண்டிய பத்து நிமிஷத்தில் கைத்தறிப் பட்டைப் பற்றி வேறொருவர் பேசினார். குழுவில் சொன்னேனே தவிர, ஊருக்குச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

ஆனால் கடிதம் தயாரானது. அதற்குப் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும். குழுவில் தீர்மானம், இரண்டு கையெழுத்து எல்லாம் ஆயிற்று. முத்திரை எங்கே என்று நான் கேட்டதும் விழித்தார்கள். சங்கத்துக்கு முத்திரையே கிடையாது. இங்கே கையெழுத்து இருந்தால் போதும். வட்ட முத்திரை இல்லாத காகிதத்தை நம் ஊரில் எந்த மேஜையிலும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கத் தேவைப்பட்டது. கடைசியில் ரப்பர் முத்திரை ஒன்று செய்யக் கொடுத்தார்கள். பத்து வருஷம் நடந்த சங்கம் தன் முத்திரையை முதன்முதலில் குத்தியது, தான் கட்டியதை இடித்துக்கொள்ளலாம் என்ற கடிதத்தின்மேல்தான். டீட்டர் வந்து கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதி, மூன்று மொழி. தமிழ்ப் பிரதியை அனுப்பும் முன்பு போனில் பாஞ்சாலைக்குப் படித்துக் காட்டினேன். "அகற்ற ஆட்சேபணை இல்லை"ன்னா இன்னா என்று கேட்டாள். "மூடிக்கலாம்னு அர்த்தம்" என்றேன். "அப்ப அப்படியே எழுதேன்" என்றாள். இரண்டையும் எழுதினேன்.

நந்தினி ஜனவரியில் பொலிவியா போனாள். விமான நிலையத்தில் கட்டிக்கொண்டாள், ஜெர்மனில் விடைபெற்றாள். வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. நன்றாக இருக்கிறாளாம். எனக்கு அவள் அறையைக் கூட்டும்போது மட்டும் கொஞ்சம் நேரம் ஆகிறது.

கடிதம் போய்ச் சேர்ந்து, பல மேஜைகளைத் தாண்டி, ஒரு வழியாக மார்ச் மாதக் கடைசியில் பாஞ்சாலையே மிஸ்டு கால் கொடுத்தாள். திரும்பக் கூப்பிட்டேன்.

"மூடியாச்சுமா. ரெண்டு நாளு மிஷின் வந்து மண்ணு கொட்டி சமமாக்கிடுச்சு."

"இப்போ அங்கே என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்ல. தரதான் கெடக்குது. முன்ன வயலுக்கு அத்த சுத்திக்கினு போவோம். இப்ப நேரா நடந்து போறோம். நல்லாதான் இருக்குது."

"நிலம் திரும்பக் கிடைக்குமா?"

"அது வேற ஆளுகிட்ட பூட்சி. நான் இப்ப கூலிக்குப் போறேன். சாயத்தண்ணிதான் வந்துக்கினே இருக்குது. பழையபடி கால்வாயில."

அன்று சாயங்காலம் டீட்டர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நான் தனியாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொன்னார், தேநீர் போட்டார். மூடிவிட்டார்கள் என்று சொன்னேன். தரை சமமாகிவிட்டது, இப்போது நேராக நடந்து போகிறார்கள், நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு லேசான நிம்மதி வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு நான் அதைப் பார்த்தேன். அதோடு நிறுத்திக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினால் போதும் என்று இருந்தது.

"வேறு ஏதாவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

கோப்பையை மேஜைமேல் வைத்தேன்.

"சொன்னார்கள்" என்றேன். "நிலம் போய்விட்டது. கூலி வேலைக்குப் போகிறார்கள். சாயத்தண்ணீர் பழையபடி வந்துகொண்டேதான் இருக்கிறது."